பதினாலாம் பக்கமும் பதிமூணாவது பிரிவும்

ஜூலை 7, திங்கள்

வெயில். காத்து ஜாஸ்தி. ஆம்ப்ளிபயரைப் பிரிச்சுத் துடைச்சேன். நாளைக்கு நைனார்பாளையத்தில் ஜவுளிக்கடைத் திறப்பு, காலை எட்டிலிருந்து ஆட்டோவில் விளம்பரம். இந்தச் சுத்துவட்டாரத்தில் கடை திறந்தாலும் ஆள் செத்தாலும் என் குரல்தான். மந்திரிகள் ஏழு பேருக்கு மைக் பிடிச்சிருக்கேன். ஒருத்தர், "ஏழுமலை, நீ பேசின அப்புறம் எனக்குப் பேச இன்னா இருக்கு"ன்னு மேடையிலேயே உக்காந்துட்டார்.

பதினொரு மணிக்குத் தங்கச்சி செசிலி வந்தாள். கையில் ரிஜிஸ்டர் தபால், அவ மகள் ரேவதி பேருக்கு. ரேவதி வெள்ளிமலைப் பக்கம் துணை சுகாதார நிலையத்தில் நர்ஸ், மூணு வருஷமா. தபால் மட்டும் ஊர் விலாசத்துக்கு வரும். செசிலிக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். "இன்னா ண்ணா போட்டுக்கிது, பிரமோஷனா?"

படிச்சேன். திரும்பவும் படிச்சேன்.

ரேவதியின் சாதிச் சான்றிதழ் மேல் புகார். இந்து ஆதிதிராவிடர்னு வாங்கி வேலையில் சேர்ந்திருக்கா, ஆனா கிறிஸ்தவர், அதனால் செல்லாதுன்னு. 22-ந் தேதி செவ்வாய் காலை 11 மணிக்கு கள்ளக்குறிச்சி மாவட்ட ஆபீசில் விசாரணை. சான்றிதழ் போனா வேலை போச்சு. புகாருக்கு ஆதாரம்: எங்க மாதா கோயில் பொன்விழா மலர், பக்கம் 14. நகல் இணைப்பு.

பக்கம் 14 நான் எழுதினது. போட்டோவும் நானே எடுத்தது.

செசிலியிடம், சும்மா சரிபார்ப்பு, எல்லாருக்கும் வரும்னு சொன்னேன். மோர் குடிச்சுட்டு சந்தோஷமாப் போனாள்.

ஜூலை 8, செவ்வாய்

ஜவுளிக்கடைக்கு அன்புடன் அழைக்கிறோம்னு சொல்ல வேண்டிய இடத்தில் "இறுதி ஊர்வலம் மாலை நாலு மணிக்குப் புறப்படும்"னு வாய் சொல்லிடுச்சு. கடைக்காரர் ஸ்கூட்டரில் வந்து ஆட்டோவை மறிச்சுட்டார். மீதி விளம்பரத்தை வேற ஆளுக்குக் கொடுத்துட்டார். முப்பது வருஷத்தில் முதல் தடவை.

வூட்டுக்கு வந்து மலரை எடுத்தேன். அலமாரியில் இருபத்தஞ்சு பிரதி வெச்சிருக்கேன்.

எங்க காலனியில் எல்லாருக்கும் ரெண்டு பேரு. பள்ளிக்கூடத்தில் ஒண்ணு, கோயிலில் ஒண்ணு. நான் ரெக்கார்டில் ஏழுமலை, கோயிலில் எலியாஸ். செசிலி ரெக்கார்டில் சின்னப்பொண்ணு. ரேவதி கோயிலில் ஜெசிந்தா. பாதருக்கும் தெரியும், வாத்தியாருக்கும் தெரியும். யாரும் இதைப் பொய்யா நினைச்சதில்லை. வயலுக்கு ஒரு சட்டை, கல்யாணத்துக்கு ஒரு சட்டை மாதிரி. ஆனா ரெண்டையும் ஒரே பேப்பரில் சேர்த்து எழுதக்கூடாது. இது கைப்பிள்ளைக்குக் கூடத் தெரியும்.

நான் எழுதினேன். "எங்கள் குலவிளக்கு ஜெசிந்தா என்கிற ரேவதி, அரசு செவிலியர்." கலர் போட்டோவோட. போதாதுன்னு அதை போன்ல எல்லா குரூப்புக்கும் அனுப்பினேன்.

எழுதினது, நிஜம்:

1. தாத்தாவுக்கு வெள்ளைக்கார சாமியார் கையால் ஞானஸ்நானம்னு எழுதினேன். தாத்தா சாகிற வரைக்கும் மாரியம்மனுக்குக் கூழ் ஊத்தினவர். கோயிலுக்குள் முதல்ல போனது செசிலி புருஷன் அந்தோணி. அவன் பின்னாடி நாங்க.

2. ரேவதி ஞானஸ்நானத்துக்குப் பிஷப் வந்தார், ஆயிரம் பேருக்குப் பிரியாணின்னு எழுதினேன். ரேவதிக்கு ஆறு வயசில் டைபாய்டு. செசிலி வேண்டிக்கிட்டா. பிழைச்சா. ஒரு புதன்கிழமை, பாதர், நாங்க நாலு பேரு. பிஸ்கட்.

3. பாடகர் குழுத் தலைவின்னு எழுதினேன். ரேவதிக்குப் பாட வராது.

இன்னும் இருக்கு. கை வலிக்குது.

ஜூலை 9, புதன்

என் புத்தகத்தை எடுத்தேன். அரசியலமைப்புச் சட்டம், தமிழில், புத்தகத் திருவிழாவில் வாங்கினது. ஒன்பதாவது ஃபெயிலான ஆள் எவன் இதை முழுசாப் படிச்சிருக்கான், காட்டச் சொல்லு. (நானும் பாதிதான்.) குடியரசு தினத்துக்கு கிராம சபையில் முகவுரையை மைக்கில் வாசிக்கிறது நான்தான். தலைவர் கூட எழுந்து நிப்பார்.

சிவப்புப் பேனாவில் கோடு போட்டது:

பிரிவு 13. அடிப்படை உரிமையைப் பறிக்கிற சட்டத்தை அரசு போடக்கூடாது. போட்டா அந்த அளவுக்குச் செல்லாது. அரசுன்னா பார்லிமெண்ட்டும் சேர்த்தி. 12-ல் போட்டிருக்கு.

பிரிவு 15. மதத்தை மட்டும் வெச்சு யாரையும் பாகுபாடு பண்ணக்கூடாது.

அவ்வளவுதான். ரெண்டே வரி. கேஸ் முடிஞ்சுது. டெல்லியில் ஐந்நூத்திச் சொச்சம் பேர் ஒண்ணாக் கை தூக்கினாலும் என் ரேவதியைத் தொட முடியாது. 22-ந் தேதி இதை அங்கே வாசிப்பேன். மைக் இல்லாமலே கேக்கும்.

மத்தியானம் நல்லாத் தூங்கினேன்.

ஜூலை 10, வியாழன்

க.குறிச்சி. கோர்ட்டுக்கு எதிரில், ஜெராக்ஸ் கடை மாடியில் ஒரு வக்கீலம்மா. நம்ம பக்கத்துப் பொண்ணு, சின்ன வயசு. நோட்டீசையும் 14-ம் பக்கத்தையும் படிச்சது. நான் 13, 15 ரெண்டையும் மனப்பாடமா ஒப்பிச்சேன். குறுக்கே பேசாமக் கேட்டுது. அப்புறம் பொறுமையாச் சொன்னது, எழுதி வெச்சுக்கறேன்:

தாழ்த்தப்பட்டோர் பட்டியல் ஜனாதிபதி உத்தரவு. அதில் மூணாவது பத்தி: இந்து, சீக்கியர், பௌத்தர் தவிர வேற மதத்தைக் கடைப்பிடிக்கிறவங்க பட்டியலில் வர மாட்டாங்க. முதல்ல இந்து மட்டும்தான். சீக்கியரைச் சேர்த்ததும் பௌத்தரைச் சேர்த்ததும் பார்லிமெண்ட். நம்மளைச் சேர்க்கல. பட்டியலை மாத்த பார்லிமெண்ட்டுக்குத்தான் அதிகாரம். மதம் மாறின நம்ம ஆளுங்க இங்கே பி.சி., பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில். அந்தப் பட்டியலில் ரேவதியோட மார்க்குக்கு இந்த வேலை வந்திருக்காது.

அப்போ 13 எதுக்குன்னு கேட்டேன். அது இருக்குன்னு சொன்னது. பார்லிமெண்ட்டுக்கே போட்ட கோடுதான். அரசியலமைப்பையே அது திருத்தலாம், ஆனா அடித்தளத்தை இடிக்கிற மாதிரி திருத்தினா அதுவும் செல்லாது, பெரிய கோர்ட்டே சொல்லியிருக்கு. இந்த மூணாவது பத்தி கோட்டைத் தாண்டிடுச்சுன்னு டெல்லியில் கேஸ் வருஷக்கணக்கா நிக்குது. இன்னும் தீர்ப்பில்லை.

எனக்குப் புரிஞ்சதை என் பாஷையில் சொன்னேன். வால்யூமை எவ்வளவு திருப்பினாலும் உள்ளே ஃப்யூஸ் ஒண்ணு இருக்கு, அளவு மீறினா அதுவே புட்டுக்கும்.

வக்கீலம்மா சிரிக்கல. "ண்ணே, உங்க ஃப்யூஸ் தானாப் போகும். இது தானாப் போகாது. யாராவது கோர்ட்டுக்குப் போய், ஜட்ஜ் எழுதற வரைக்கும் அந்தப் பத்திதான் சட்டம். 22-ந் தேதி உக்காரப் போறவங்க ஆபீசருங்க. சட்டம் செல்லாதுன்னு சொல்ற அதிகாரம் அவங்களுக்கில்லை."

"அப்போ என் பொண்ணு?"

"அன்னைக்கு அவங்க கேக்கறது ஒண்ணே ஒண்ணு. இந்தப் பொண்ணு என்ன மதம். அதுக்கு உங்க 14-ம் பக்கம் பதில் சொல்லிக்கினு இருக்கு, அண்ணே."

பஸ் ஸ்டாண்டில் தெரிஞ்சவர் கேட்டார், இன்னா கோர்ட்டுப் பக்கம்னு. அரசியலமைப்புப் பத்தி ஆலோசனை கேக்கக் கூப்பிட்டாங்கன்னு சொன்னேன்.

ஜூலை 12, சனி

மலைக்குப் போனேன். போனில் சொல்ற விஷயமா இது. கச்சிராயபாளையம் வரைக்கும் வெயில், அதுக்கு மேலே தூறல். வளைவுக்கு வளைவு குளிரு. பஸ்ஸில் கோழிக் கூடை, மரவள்ளி மூட்டை. ஒரு அம்மா யார் வூட்டுக்குன்னு கேட்டது. நர்சம்மா மாமன்னு சொன்னதும் எழுந்து சீட்டு குடுத்துடுச்சு. எனக்கு மேடையில் போட்ட சால்வை எல்லாம் இதுக்கு முன்னாடி ஒண்ணுமில்லை.

நிலையத்தில் ரேவதி இல்லை. ரெண்டு குன்று தள்ளி ஒரு பொண்ணுக்கு மாசம் எட்டு, ரத்தம் கம்மி, பார்க்கப் போயிருக்கா. மூணு மணிக்கு வந்தா, முட்டி வரைக்கும் சேறு. என்னைப் பார்த்ததும் முகம் மாறிடுச்சு. அம்மாவுக்கு இன்னான்னு கேட்டா.

அம்மாவுக்கு ஒண்ணுமில்லைன்னு நோட்டீசைக் கொடுத்தேன். நின்னுகினே படிச்சா. 14-ம் பக்கத்தையும் படிச்சா. போட்டோவை ரொம்ப நேரம் பார்த்தா.

"மாமா, பிஷப் எப்போ வந்தாரு?"

நான் அவ காலில் இருந்த சேத்தைப் பார்த்தேன்.

"எனக்குக் காய்ச்ச வந்து பிழைச்சேன், அம்மா வேண்டிக்கிச்சு. அதை எழுதியிருக்கலாமே. அது நல்லாத்தானே இருக்கு."

திட்டியிருந்தா தேவலை. அவ டீ போட்டா. ரேவதி, ஜெசிந்தான்னு ரெண்டு பேரு இருக்கிறது மலையில் யாருக்கும் தெரியாதாம், நர்சம்மான்னு ஒரே பேருதானாம். ரேவதி போயிட்டா அடுத்த ஆள் வர எத்தனை மாசம் ஆகும்னு கேட்டேன். முன்னாடி இந்த இடம் காலியா இருந்தப்போ பிரசவத்துக்குக் கட்டிலில் தூக்கிக்கினு இறங்குவாங்களாம்.

கடைசி பஸ் போயிடுச்சு. பக்கத்து வூட்டில் தங்கினேன். போர்வை இருந்தும் குளிர் விடல.

ஜூலை 13, ஞாயிறு

காலையில் ரேவதி சொன்னா, லீவு கிடைச்சா ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போவேன், இன்னைக்கு முடியாதுன்னு. எட்டு மாசக்காரியைக் கீழே ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும். ஆம்புலன்ஸ் ஏறும் வரைக்கும் அந்தப் பொண்ணு ரேவதியோட கையை விடல.

இறங்கற பஸ்ஸில் ஒரு முடிவு. 22-ந் தேதி, எல்லாம் பொய்னு சொல்லிடப் போறேன். பிஷப் பொய், ஞானஸ்நானமும் பொய். ஜெசிந்தான்னு ஒருத்தி இல்லவே இல்லை. மைக் செட்டுக்காரன் வாய், காசில்லாம விளம்பரம் பண்ணிட்டேன்னு.

பொய் சொல்றதில் எனக்கு அனுபவம் உண்டு. ஆனா இந்தத் தடவை ஒரு பொய்யை எடுக்கறதுக்கு அதைவிடப் பெரிசா ஒண்ணு சொல்லணும். முதல் தடவையா பயம்.

ஜூலை 16, புதன்

ரிஷிவந்தியம். புகார் கொடுத்த பொண்ணு அந்த ஊரு. விலாசம் நோட்டீசில் இருந்தது. அவங்க அப்பனை ஒரு மிரட்டு மிரட்டி மனுவை வாபஸ் வாங்க வெக்கணும். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை.

காலனியில் கடைசி வூடு. அந்த ஆளு கரும்பு வெட்டற கூலி. கரும்புத் தோகை கிழிச்சுக் கை முழுக்கக் கீறல். பொண்ணு க.குறிச்சியில் துணிக்கடை வேலைக்குப் போயிருக்காம். உக்காருங்கன்னு பிளாஸ்டிக் சேரைத் துடைச்சுப் போட்டுட்டு அவர் கீழே உக்காந்தார். எழுந்திரிங்கன்னு சொல்ல வேண்டியதாப் போச்சு.

எந்தெந்த மந்திரியோட நமக்குப் பேச்சு, எந்த எஸ்.பி. நம்ம வூட்டில் சாப்பிட்டார் எல்லாம் சொன்னேன். முழுசாக் கேட்டார்.

"அப்போ மந்திரிகிட்ட ஒரு வார்த்தை சொல்லி ரெண்டு பொண்ணுக்கும் வேலை போட்டுக் குடுக்கச் சொல்லுங்களேன்" என்றார். கிண்டலா, நிஜமா, தெரியல.

அவர் பொண்ணும் நர்சு படிச்சுது. லிஸ்ட்டில் ரேவதிக்கு அடுத்த நம்பர். ஒரு நம்பர். மூணு வருஷமா அந்த ஒரு நம்பரைத்தான் வூட்டில் பேசிக்கினு இருக்காங்களாம். என் போஸ்ட் குரூப் குரூப்பா சுத்தி அந்தப் பொண்ணு போனுக்கே போயிருக்கு.

"உங்க மேல கோவமில்லைங்க. நீங்களும் நாங்களும் ஒரே சாதி. உங்க பொண்ணை ஊர்த்தெருவில விடுவானுங்களா, எங்க பொண்ணை விடுவானுங்களா, ரெண்டும் ஒண்ணுதான். ஆனா எம் பொண்ணுக்கு இருக்கிறது அந்த ஒரு சீட்டுதானே."

வாபஸ்னு நான் வாயே திறக்கல. டீ வாங்கிட்டு வர ஆள் அனுப்பினார். குடிச்சேன். வரும்போது அந்தப் பொண்ணோட மார்க் ஷீட்டைக் காட்டினார். நல்ல மார்க்கு.

பஸ்ஸில் யோசனை. இந்த ஆளை எதிரியா வெச்சிருந்தா சுலபமா இருந்திருக்கும். பட்டியலைக் குட்டையா வெச்சது யாரு. நானும் அவரும் அதுக்குள் முட்டிக்கினு இருக்கோம்.

ஜூலை 19, சனி

செசிலிக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சு. ரேவதி போனில் சொல்லிட்டா. அழுவாள்னு போனேன். அழல. மளிகைக் கடையிலிருந்து ஸ்டிக்கர் பொட்டு ஒரு அட்டை வாங்கி வந்திருந்தாள். கண்ணாடி முன்னாடி உக்காந்து ஒண்ணு ஒட்டிக்கிட்டாள். பார்த்தாள். எடுத்து அட்டையில் திரும்ப ஒட்டினாள். திரும்ப எடுத்தாள். பசை போயி அது நிக்கல.

"மாதாவுக்குத் தெரியும்ல ண்ணா, எதுக்காகன்னு?"

தெரியும்னேன். வேற இன்னா சொல்றது.

தாய் மதத்துக்குத் திரும்பினதாச் சடங்கு பண்ணி முன்தேதி போட்டு பேப்பர் தர்ற ஆள் ஒருத்தன் இருக்கான், ரேவதிக்குச் சொல்லிடலாம்னு செசிலி. நானும் சரின்னேன். ஸ்பீக்கரில் போட்டு ரெண்டு பேரும் பேசினோம். பின்னாடி மழைச் சத்தம். வேணாம்மா, பொட்டை எடுன்னு மட்டும் ரேவதி சொன்னா. போனில் எப்படித் தெரிஞ்சுதுன்னு செசிலி என்னைப் பார்த்தா.

என் திட்டத்தை ரேவதிகிட்ட சொல்லல.

ஜூலை 22, செவ்வாய்

எழுதிடணும். இப்பவே எழுதலன்னா வேற மாதிரி எழுதிடுவேன்.

மாவட்ட ஆபீஸ். பத்து மணிக்கே போயிட்டோம். நான், செசிலி, ரேவதி, வக்கீலம்மா. எதிர் பெஞ்சில் ரிஷிவந்தியத்துக்காரரும் அவர் பொண்ணும். பொண்ணு ரேவதியைப் பார்க்கல. தண்ணி பாட்டிலை எங்கேயோ விட்டுட்டாங்க போல. ரேவதி தன் பாட்டிலை நீட்டினா. வாங்கிக் குடிச்சுது.

உள்ளே நீள மேஜை. நாலு பேரு. நடுவில் பெரிய அதிகாரி, கண்ணாடி, மெதுவான பேச்சு. எதிரியா ஒரு முகம் இருந்தா நான் ஜெயிச்சிருப்பேன். அவர் நல்ல மனுஷன்.

முதல்ல என்னைக் கூப்பிடுவாங்கன்னு இருந்தேன். ரேவதியைக் கூப்பிட்டாங்க.

ஞானஸ்நானம் நடந்ததான்னு கேட்டார். நடந்துது சார், ஆறு வயசிலன்னா. இப்போ கோயிலுக்குப் போறீங்களா. லீவு கிடைச்சா போவேன் சார். வக்கீலம்மா தலை குனிஞ்சு எழுதிக்கினே இருந்தது. என் திட்டம் அங்கேயே செத்துது. ரெண்டே பதில்.

அப்புறம் ரேவதி, நான் ஒண்ணு சொல்லலாமான்னு கேட்டு, அனுமதி வாங்கிச் சொன்னா.

"நான் போற கோயிலுக்கு வாசல் ஒண்ணுதான் சார். கல்லறைக்கு ரெண்டு. ஊருக்காரங்களுக்குக் கோயில் பக்கத்தில. எங்களுக்கு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். எங்கப்பா அந்தப் பக்கம்தான் இருக்காரு. மதம் மாறினதும் சாதி போயிடும்னு சட்டம் நினைக்குது. எங்கப்பா செத்த பிறகும் போகல சார், சாதி."

அதிகாரி 14-ம் பக்கத்தைத் திருப்பினார். கீழே கடைசிப் பத்தி. சத்தமா வாசிச்சார். நான் எழுதினதை வேற ஆள் வாசிச்சு இன்னைக்குத்தான் கேட்டேன்.

"என் மச்சான் அந்தோணிசாமி கோயில் வாசலருகே, குருக்கள் கல்லறை ஓரம், சலவைக்கல் சமாதியில் துயில்கிறார். எங்கள் பங்குக் கோயிலில் வேற்றுமை என்ற பேச்சுக்கே இடமில்லை."

நிமிர்ந்து பார்த்தார். யார் எழுதினதுன்னு கேட்டார்.

எழுந்தேன். நான்தான் சார். கேக்கல, திரும்பச் சொல்லுங்கன்னார். ஆயிரம் பேருக்கு நடுவில் மைக் இல்லாமப் பேசினவன்.

பிஷப்பைப் பொய்னு சொல்றது கஷ்டமே இல்லை. அது வெறும் அலங்காரம். இது அப்படியில்லை. அந்தோணியைப் புதைச்ச அன்னைக்கு நான் கோயில் முன்னாடி நின்னு, இங்கே இடம் இருக்கே, இங்கேயே வெக்கலாமேன்னு கேட்டேன். ஊர் ஆளுங்க நாலு பேர் சிரிச்சாங்க. ஒருத்தன், "மைக் செட்டு, உன் ஆம்ப்ளிபயர அந்தாண்ட வெச்சுக்கோ"ன்னான். பாதர் உள்ளே போயிட்டார். தூக்கிக்கினு வாய்க்காலைத் தாண்டினோம். அதை நான் யார்கிட்டயும் சொன்னதில்லை. பொன்விழாவுக்குப் பக்கம் கொடுத்தப்போ, நடந்திருக்க வேண்டியதை நடந்ததா எழுதினேன்.

இதையெல்லாம் அங்கே சொன்னேன். சுருக்கமாச் சொன்னேன். "அந்தப் பத்தி பொய் சார். எனக்கு வெக்கமா இருந்துது, அதனால அப்படி எழுதினேன். பொண்ணு சொல்றதுதான் நிஜம்."

செசிலி முந்தானையை வாயில் வெச்சுக்கினு இருந்தாள்.

அப்புறம் 13-ம் பிரிவு பத்திக் கேட்டேன். பார்லிமெண்ட்டுக்கே கோடு இருக்கே சார்னு. அதிகாரி கண்ணாடியைக் கழட்டினார். தெரியும்ங்க, அதைக் கேக்கற இடம் இது இல்லை, எனக்குக் கொடுத்திருக்கிற பட்டியலில் மூணு மதம்தான், நாலாவதை நான் எழுத முடியாதுன்னார். அதை அவர் சந்தோஷமாச் சொல்லல. சந்தோஷமாச் சொல்லியிருந்தா திட்டிட்டாவது வந்திருப்பேன்.

வெளியே ரிஷிவந்தியத்துக்காரர் நின்னுக்கினு இருந்தார். உள்ளே பேசினது கேட்டிருக்கும். என் கையைப் பிடிச்சார், விட்டுட்டார். எங்க ஊரிலும் சுடுகாட்டுக்குத் தனி வழிதான் சாரேன்னார். சார்னு கூப்பிட வேணாம்னேன்.

ஜூலை 23, புதன்

வேலைக்குப் போகல. மரண அறிவிப்பு ஒண்ணு வந்தது, வேற ஆளைப் பாக்கச் சொல்லிட்டேன். ரேவதி காலை பஸ்ஸில் மலைக்குப் போயிட்டா. எட்டு மாசக்காரிக்கு நேத்தே பொம்பளைப் பிள்ளை. குறைமாசம்தான். ரெண்டும் நல்லா இருக்கு. ரேவதி போனில் சொன்னது இது ஒண்ணுதான்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

உத்தரவு வந்துடுச்சு. சான்றிதழ் ரத்து. ரேவதி கிறிஸ்தவ மதத்தைக் கடைப்பிடிப்பதை அவரே ஒப்புக்கொண்டார்னு ஒரு வரி. கல்லறை பத்தி ஒரு வரி கூட இல்லை. வேலையிலிருந்து ஏன் நீக்கக் கூடாதுன்னு ஆபீசிலிருந்து இன்னொரு தபால், பதினஞ்சு நாள் கெடு.

வக்கீலம்மாகிட்ட ஓடினேன். ஓடினேன்னா நிஜமாவே ஓடினேன், பஸ் ஸ்டாண்டிலிருந்து. ஐகோர்ட்டில் ரிட் மனு போடலாம்னு சொன்னது. ரத்து உத்தரவை மட்டுமில்லை, அந்த மூணாவது பத்தியையே எதிர்த்து. 13, 14, 15 பிரிவுங்களை வெச்சு. டெல்லிக் கேஸ் முடியற வரைக்கும் வேலையிலிருந்து எடுக்கத் தடை கேக்கலாம். கிடைக்குமான்னு கேட்டேன். சொல்ல முடியாதுன்னுது. பெரிய ஆளுங்க போட்டதே வருஷக்கணக்கா நிக்குது, ஆனா ஒவ்வொண்ணும் போய்ச் சேரணும் அண்ணேன்னுது.

பிரமாணப் பத்திரத்துக்கு எல்லாம் நிஜமா, தேதியோட வேணும். கல்லறை போட்டோ வேணும், ரெண்டு பக்கமும். எதிர்த் தரப்பு 14-ம் பக்கத்தை நீட்டும்போது நம்ம பக்கம் நீட்ட ஒண்ணு வேணும். போட்டோவை நானே எடுக்கணுமாம், நான்தான் சாட்சியாம்.

ரேவதிக்குப் போன் போட்டேன். ஊசி போட்டுக்கினு இருக்கேன் மாமா, அப்புறம் பேசறேன்னா. அப்புறம் பேசல.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பூசை முடிஞ்சதும் போனோம், நானும் செசிலியும். முதல்ல கோயில் பக்கம். குருக்கள் கல்லறை, ஊர்க்காரர் கல்லறைங்க, சலவைக்கல், கம்பி வேலி. நாலு போட்டோ. கோயிலைப் பாத்துக்கற கோயில் பிள்ளை எதுக்குன்னு கேட்டார். ஐகோர்ட்டுக்குன்னேன். அதோட நிறுத்தினேன். வேற ஒண்ணும் சேர்க்கல. அவர்தான் மேல ஏதாவது வரும்னு நின்னார்.

அப்புறம் அந்தப் பக்கம். பாலம் கிடையாது. மழைத் தண்ணி. செசிலி புடவையைத் தூக்கிச் சொருகிக்கினு முன்னாடி போனாள். கருவேலம் மண்டிக்கிடக்கு. மேடு மேடா இருக்கு, கல் ஒண்ணுக்கும் இல்லை. அந்தோணி எதுன்னு எனக்குத் தெரியல. ரெண்டு மேட்டைக் காட்டி இதா இதான்னு கேட்டேன்.

செசிலி மூணாவது வரிசையில் ஒரு இடத்தில் போய் நின்னாள். கருவேலங்கன்றை வேரோட பிடுங்கினாள். கையில் முள்ளு.

"இதான். நீ புதைச்ச அன்னைக்கு வந்தது. அப்புறம் வரலியே ண்ணா."

போட்டோ எடுத்தேன். ஆறு எடுத்தேன். ஒண்ணில் செசிலி நிக்கறா, அதையும் வெச்சுக்கலாம்.

வாய்க்காலில் தண்ணி இடுப்பளவு. இல்லை. முழங்கால் அளவு.